பத்தாம் வகுப்பு கணிதம்: சேர்ந்து படிக்கும்போது பேனா யார் கையில்?

நாலு பேர் சேர்ந்து கணக்குப் படிக்க உட்கார்ந்தால் வழக்கமாக நடப்பது இதுதான். நன்றாகக் கணக்குப் போடும் ஒருவர் நோட்டைத் திறந்து மளமளவென்று போட்டுக்கொண்டே போவார். மற்ற மூவரும் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார்கள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." அடுத்த கணக்கு. இரண்டு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது, போட்டவருக்குத் தெரிந்ததே இன்னொரு முறை கைக்கு வந்திருக்கும். பார்த்தவர்களுக்கோ, தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் வந்திருக்கும். அடுத்த ரிவிஷன் டெஸ்டில் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் அது கரைந்துவிடும்.

அதனால் சேர்ந்து படிப்பதற்கு ஒரே ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு தெரியாதவர் யாரோ, அவர் கையில்தான் பேனா இருக்க வேண்டும். தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால் உதவலாம், அதுவும் கேள்வியாகக் கேட்டு. கீழே வருவதெல்லாம் இந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிகள்தான்.

முதலில் வினாத்தாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு கணிதத் தேர்வு 100 மதிப்பெண், 3 மணி நேரம். தேர்ச்சிக்கு 35. ஒரு மார்க் 14, எல்லாமே எழுத வேண்டும். இரண்டு மார்க் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். 28வது வினா கட்டாயம். ஐந்து மார்க்கும் அப்படியே, 14இல் 10. 42வது வினா கட்டாயம். கடைசியில் எட்டு மார்க் இரண்டு: 43 செய்முறை வடிவியல், 44 வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு.

கூட்டிப் பாருங்கள். ஒரு மார்க் 14, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. மொத்தம் 30. கணக்கு என்றாலே பயப்படும் ஒரு நண்பர் உங்கள் குழுவில் இருந்தால், அவரை உறவுகளும் சார்புகளும் முதல் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த 30க்குத்தான் முதலில் தயார் செய்ய வேண்டும். இவற்றைப் பழகிவிட்டால் 35ஐத் தாண்ட இன்னும் மூன்று இரண்டு மார்க் வினாக்கள் போதும். நூற்றுக்கு நூறு வாங்க நினைப்பவரின் கவலை வேறு. அவருக்கு மார்க் போகும் இடம் அந்தக் கட்டாய வினாக்கள்தான். அவை புத்தகத்தில் இருப்பது போலவே வரும் என்று நம்ப முடியாது. ஒரே குழுவில் இருவரும் இருக்கலாம். யாருக்கு எது தேவை என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

நாலு பேருக்கு மேல் வேண்டாம். நாலு பேர் என்றால் இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் எழுதுவார், ஒருவர் பார்ப்பார், யாரும் சும்மா இருக்க முடியாது. ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பார், பிறகு பேச்சு ஆரம்பித்துவிடும். மூன்று பேர் என்றாலும் சரிதான்: ஒருவர் எழுத, ஒருவர் கேள்வி கேட்க, மூன்றாமவர் அதே கணக்கைத் தனியாகப் போட்டு விடையை ஒப்பிடட்டும்.

ஒரு சந்திப்புக்கு ஒன்றரை மணி நேரம். சிறப்பு வகுப்பு முடிந்து பள்ளி வராந்தாவிலோ, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். முதல் 15 நிமிடம், முந்தைய பாடத்தின் ஒரு மார்க் வினாக்கள் 14, புத்தகத்தை மூடிவிட்டு. அடுத்த 45 நிமிடம் ஜோடியாக அன்றைய பாடம். பிறகு 20 நிமிடம் தாளை மாற்றித் திருத்துவது. கடைசி 10 நிமிடம், அவரவர் செய்த தப்புகளை எழுதிவைக்கும் தப்பு நோட்டு. வாரத்துக்கு மூன்று முறை, நாலு வாரம் என்றால் 12 சந்திப்பு. எட்டுப் பாடத்தில் இயற்கணிதம் மட்டும் மிகப் பெரியது, அதற்கு இரண்டு சந்திப்பு ஒதுக்குங்கள். மற்ற ஏழுக்கும் ஒவ்வொன்று. மீதி மூன்றில் எல்லாப் பாடத்தையும் கலந்து போடலாம். செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தனி நாள் வைக்காதீர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வடிவியல் அல்லது ஒரு வரைபடம் என்று மாறி மாறிப் போட்டால்தான் கைக்குப் பழகும்.

வருவதற்கு முன் ஒவ்வொருவரும் அன்றைய பாடத்தில் ஐந்து கணக்காவது தனியாக முயன்றிருக்க வேண்டும். முடியாமல் நின்ற இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுவாருங்கள். வட்டம் ஒன்றும் இல்லாத நோட்டோடு வருகிறவர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் திறந்தே பார்க்காதவராக இருக்க வேண்டும்.

வாயால் உதவுவது எப்படி

வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 2 எக்ஸ் மைனஸ் 8. எக்ஸ் மதிப்பு மைனஸ் 3 முதல் 5 வரை அட்டவணை போட வேண்டும். எழுதுகிறவள் முதல் கட்டத்தில் மைனஸ் 11 என்று எழுதுகிறாள். பக்கத்தில் இருப்பவளுக்குத் தப்பு உடனே தெரிகிறது. அவள் "அது 7 டீ" என்று சொல்லிவிட்டால் அந்தக் கட்டம் மட்டும் சரியாகும், அடுத்த முறை அதே தப்பு மறுபடியும் வரும். இப்படிக் கேட்க வேண்டும்:

"மைனஸ் 11 எப்படி வந்துச்சு? ஒவ்வொண்ணா சொல்லு."

"ஸ்கொயர் மைனஸ் 9. அப்புறம் ப்ளஸ் 6. அப்புறம் மைனஸ் 8."

"ஸ்கொயர்னா என்னடி அர்த்தம்?"

"அதையே அதால பெருக்குறது."

"அப்போ மைனஸ் மூணை எதால பெருக்கணும்?"

"மைனஸ் மூணால… ஓ, ப்ளஸ் 9."

அரை நிமிடம்தான் ஆகிறது. தப்பைக் கண்டுபிடித்தது எழுதியவளே என்பதால் அது அவளுக்கு மறக்காது. கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகம் இல்லை: "இது எப்படி வந்தது?", "எந்தச் சூத்திரம்?", "கேள்வியில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்?" இந்த மூன்றே முக்கால்வாசி இடத்தில் போதும். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். பேனாவை வாங்காதீர்கள்.

அதே அட்டவணையைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஒய் மதிப்புகள் 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7 என்று வர வேண்டும். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள்: −7, −5, −3, −1, 1, 3, 5, 7. ஒவ்வொன்றும் சரியாக 2 கூடுகிறது. எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் வேறு எண் எதுவும் இல்லாத, எக்ஸ் ஒவ்வொன்றாகக் கூடும் எந்த அட்டவணையிலும் இப்படித்தான் வரும். எங்காவது துண்டாகத் தெரிந்தால் அந்த இடத்தில் தப்பு. அட்டவணையில் ஒரு புள்ளி தவறினால் வளைவரை நெளியும், மூலங்களும் தவறும், எட்டு மார்க்கில் பெரும்பகுதி போகும். அதனால் கிராஃப் தாளைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அளவுத்திட்டம் எக்ஸ் அச்சில் 1 செ.மீ = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ = 2 அலகு என்று எடுத்தால் தாளுக்குள் அடங்கும். அதைத் தாளின் மேல் மூலையில் எழுத மறப்பவர்கள் ஏராளம். ஜோடியில் பார்ப்பவர் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

இதே வளைவரையைக் கொண்டு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் 6 சமம் 0 என்பதைத் தீர்க்கச் சொன்னால், முதல் சமன்பாட்டிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். சரியாகக் கழித்தால் ஒய் சமம் மைனஸ் எக்ஸ் மைனஸ் 2 என்ற நேர்க்கோடு கிடைக்கும்; அது வளைவரையை எக்ஸ் −2இலும் 3இலும் வெட்டும். கழிக்கும்போது குறியை மாற்ற மறந்தால் மைனஸ் 3 எக்ஸ் மைனஸ் 14 என்று வரும். அந்தக் கோடு வளைவரையைத் தொடவே தொடாது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு 'மெய்யான மூலங்கள் இல்லை' என்று நிம்மதியாக எழுதிவிடுகிறார்கள். எனவே நேர்க்கோடு வெட்டவில்லை என்றால் முடிவு எழுதும் முன் கழித்தலைத் திரும்பிப் பாருங்கள்.

செய்முறை வடிவியலில் பேனா மாறும்

மேலே சொன்ன விதிக்கு ஒரு விதிவிலக்கு இங்கே உண்டு. கற்றுக்கொள்கிறவர் படிகளை வாயால் சொல்ல, தெரிந்தவர் கவராயத்தைப் பிடித்து, சொன்னதை மட்டும், தப்பாகச் சொன்னால் தப்பாகவே வரைய வேண்டும். சொன்னவர் கண்ணெதிரே படம் உடையும்போதுதான் எந்தப் படி ஏன் இருக்கிறது என்பது விளங்கும்.

அடிப்பக்கம் 8 செ.மீ, உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து வரும் நடுக்கோடு 5.8 செ.மீ, குத்துயரம் காண வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உதவிப் படம். பிறகு 8 செ.மீ கோடு. அதன் இடது முனையில் கோட்டுக்குக் கீழே 60° கோணம் வைத்து ஒரு கதிர். அந்தக் கதிருக்கு அதே முனையில் 90° எடுத்து மேல்நோக்கி ஒரு கோடு. அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு. இரண்டும் சந்திக்கும் இடம் வட்ட மையம். அங்கிருந்து அடிப்பக்கத்தின் முனை வரை ஆரமாக எடுத்து வட்டம். அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து 5.8 செ.மீ வில் வட்டத்தை வெட்டும் இடம் உச்சி. வில் இடப்புறமும் வலப்புறமும் வெட்டும். எதை எடுத்தாலும் சரி.

இங்கே உடையும் இடங்கள் இரண்டு. 90°ஐக் கதிருக்கு எடுக்காமல் அடிப்பக்கத்துக்கு எடுத்தால், அந்தக் கோடு மையக்குத்துக்கோட்டுக்கு இணையாகப் போகும், மையமே கிடைக்காது. கதிரைக் கீழே போடாமல் மேலே போட்டால் மையம் அடிப்பக்கத்துக்குக் கீழே போய்விடும், மேலே எடுக்கும் 5.8 செ.மீ வில் வட்டத்தை வெட்டாது. இரண்டையும் ஒரு முறை வேண்டுமென்றே வரைந்து பார்த்துவிட்டால் பிறகு அந்தத் தப்பு வராது.

சரியாக வரைந்தால் ஆரம் 4.6 செ.மீ, மையம் அடிப்பக்கத்திலிருந்து 2.3 செ.மீ உயரம், குத்துயரம் 3.8 செ.மீ அளவில் இருக்க வேண்டும். கடைசியில் உச்சியில் பாகைமானி வைத்து 60° வருகிறதா என்று மற்றவர் அளக்கட்டும். தொடுகோட்டுக் கணக்குக்கும் இதே மாதிரி ஒரு சரிபார்ப்பு உண்டு: ஆரம் 3 செ.மீ, மையத்திலிருந்து புள்ளி 8 செ.மீ தூரம் என்றால் 64இலிருந்து 9ஐக் கழித்து வர்க்கமூலம், சுமார் 7.4 செ.மீ. ஸ்கேலில் 7.1 வந்தால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது பென்சில் மழுங்கியிருக்கிறது.

மற்ற பாடங்களில்

முக்கோணவியலில் உயரங்களும் தூரங்களும் பகுதிக்கு 'படம் மட்டும்' என்ற பயிற்சி நல்ல பலன் தரும். ஒருவர் கணக்கை மெதுவாக வாசிக்க, மற்றவர் படத்தை மட்டும் வரைய வேண்டும். தீர்க்க வேண்டாம். அரை மணி நேரத்தில் பத்துப் படம் வரையலாம். 60 மீட்டர் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இரண்டு கப்பல்களின் இறக்கக்கோணம் 60°, 30° என்றால், கப்பல்கள் ஒரே பக்கம் இருந்தால் இடைவெளி 69.28 மீ, எதிரெதிர்ப் பக்கம் என்றால் 138.56 மீ. கணக்கில் ஒரே ஒரு சொல் வித்தியாசம். இறக்கக்கோணத்தைக் கலங்கரை விளக்கத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து குறிக்கிறவர்கள் நிறைய. அது உச்சியில் போடும் கிடைக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது. கிடைக்கோடு இல்லாத படத்தைப் பார்ப்பவர் ஏற்கவே கூடாது.

புள்ளியியலில் திட்டவிலக்கம் போடும்போது நடுவில் நின்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள். 4, 7, 8, 10, 11 என்ற எண்களின் சராசரி 8. விலக்கங்கள் −4, −1, 0, 2, 3, கூட்டினால் பூச்சியம். பூச்சியம் வராவிட்டால் அதற்கு மேல் போகாதீர்கள். வந்தால் வர்க்கங்களின் கூடுதல் 30, ஐந்தால் வகுத்தால் 6, திட்டவிலக்கம் சுமார் 2.45, மாறுபாட்டுக்கெழு 30.6%. ஊகச் சராசரி வைத்துப் போடுகிறவருக்கு இந்தச் சரிபார்ப்பு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் குழம்பிவிடுவார்.

அளவியலில் குழு ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: கொடுத்தது விட்டமா ஆரமா, உயரமா சாயுயரமா. ஆரம் 5, உயரம் 12 உள்ள கூம்பின் வளைபரப்புக்கு 13தான் வேண்டும், 12 அல்ல. எல்லாரும் சூத்திரத்தைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள், மார்க் போவது இங்கே.

தாளை மாற்றித் திருத்துங்கள்

ஜோடிகள் தாளை மாற்றிக்கொள்ளட்டும். திருத்துபவர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்து, முதல் தப்பு நேர்ந்த வரியின் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட வேண்டும். சரியான விடையை எழுதக் கூடாது. தாளைத் திருப்பிக் கொடுத்து மூன்று நிமிடம் விடுங்கள். எழுதியவர் தானே கண்டுபிடிக்கட்டும். கணிதத்தில் படிநிலைக்கு மார்க் உண்டு என்பதால் விடை தப்பானாலும் எதுவரை மார்க் கிடைக்கும் என்று சேர்ந்து பேசுங்கள். சூத்திரம் எழுதாமல் நேராக எண்களைப் போடுகிறவருக்கும், அலகு எழுதாதவருக்கும் அப்போதுதான் உறைக்கும். ஒரு மார்க் வினாவில் 'ஆ' என்று மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது வினாத்தாளிலேயே இருக்கிறது, அதையும் பாருங்கள்.

தப்பு நோட்டில் முழுக் கணக்கையும் எழுத வேண்டாம். ஒரு தப்புக்கு ஒரு வரி: "எதிர்மறை எண்ணை வர்க்கம் செய்யும்போது மைனஸ் போட்டேன்." பக்கத்தில் ஒரு சொல்லில் வகை: குறி, சூத்திரம், பார்த்து எழுதியது, கேள்வியைத் தவறாக வாசித்தது, அலகு. இரண்டு வாரம் கழித்து எண்ணினால் ஒவ்வொருவருக்கும் ஒரு வகை மட்டும் அதிகமாக இருக்கும். குறியில் தவறுகிறவருக்கு இன்னும் ஐம்பது கணக்கு போடுவதை விட, ஒவ்வொரு கழித்தலிலும் அடைப்புக்குறி போடும் பழக்கம் அதிகம் உதவும்.

வாட்ஸ்அப் குழுவில் இரவில் யாராவது கணக்கின் படத்தை அனுப்பிக் கேட்டால், முழு விடையையும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். முதல் அடியை மட்டும் குரல் பதிவாக அனுப்புங்கள். விடை முழுதாக வந்தால் அதை நோட்டில் பார்த்து எழுதிவிட்டுத் தூங்கிவிடுவார். அன்பான உதவி என்றுதான் எல்லோரும் செய்கிறோம், ஆனால் தேர்வறையில் அது அவருக்குக் கைகொடுக்காது.

முழுத் தேர்வு இரண்டு

கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொதுத்தேர்வு வினாத்தாளை வைத்து முழுதாக எழுதுங்கள். தேர்வறையில் முதல் 10 நிமிடம் வினாத்தாள் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. வீட்டிலும் அந்த 15 நிமிடத்தைச் சேர்த்தே வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியது, இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் எந்த நான்கை விடுவது என்பதும், 43, 44இல் எந்த 'அல்லது' என்பதும்தான்.

180 நிமிடத்தைப் பிரித்தால், ஒரு மார்க் 15 நிமிடம், இரண்டு மார்க் பத்துக்கு 40, ஐந்து மார்க் பத்துக்கு 80, வடிவியலும் வரைபடமும் 30, சரிபார்க்க 15. ஒரு மார்க் முடிந்ததும் வடிவியலையும் வரைபடத்தையும் போட்டுவிடுவது நல்லது. கடைசி அரை மணியில் கை அவசரப்படும்போது வட்டம் வட்டமாக வராது. செல்பேசிக் கால்குலேட்டரை யாரும் தொடக் கூடாது. 1.732ஆல் பெருக்குவதும் 22இன் கீழ் 7இல் 7ஐ முதலிலேயே அடிப்பதும் கையாலேயே பழகியாக வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய நாள் சேர்ந்து படிக்க வேண்டாம். ஒருவர் கேட்கும் புதுக் கணக்கு மற்ற மூவரையும் கலங்கடிக்கும். அன்று மாலை அவரவர் தப்பு நோட்டை மட்டும் வாசியுங்கள். ஹால் டிக்கெட், சீவிய பென்சில் இரண்டு, ரப்பர், ஸ்கேல், பாகைமானி, திருகு இறுக்கிய கவராயம், பேனா மூன்று. கவராயத்தில் பென்சிலைச் செருகி ஒரு 5 செ.மீ வட்டம் போட்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.